பிழைக்கத் தெரியாதவர்களாம்!

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். தலைமைப் பண்பு வகுப்பெடுக்கும் அந்த அண்ணன், 1951ஆம் வருட சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியை 'உணர்ச்சிவசப்பட்டு வாய்ப்பைக் கோட்டைவிட்டவர்கள்' என்றார். கைதட்டல் வேறு.

கோட்டைவிடவில்லை அண்ணே. வேண்டாம் என்றார்கள்.

நம்மூர்க் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. ஆலி மேட்சன் ஒருவரே அந்த சீசனில் 1,566 யார்டு ஓடினார், நாட்டிலேயே அதிகம். ஆனால் சீசன் முடிவில் நல்ல அணிகளை மட்டும் அழைத்து நடத்தும் 'பௌல்' போட்டி உண்டு; தெற்கத்தி பௌல் ஒன்றுக்கு அழைப்பு வேண்டுமென்றால் மேட்சனையும் பர்ல் டோலரையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்று சேதி வந்தது. இருவரும் கறுப்பினத்தவர். மொத்த அணியும் போகமாட்டோம் என்றது. பணமுடையில் இருந்த பல்கலைக்கழகம் அந்த சீசனோடு அணியையே கலைத்துவிட்டது.

போகவில்லை. வேண்டாம் என்றார்கள். திரும்பச் சொல்கிறேன்.

'காலம் அப்படி' என்பீர்கள். சரி, இந்தப் பையன்களும் அதே காலத்தில்தானே இருந்தார்கள்? 'சோப்ளாங்கி அணிகளோடு ஆடினார்கள், அதான் அழைப்பில்லை' என்று அன்றைக்கே ஒரு சாக்கு உண்டு. அந்த அணியிலிருந்து மூன்று பேர் பிற்பாடு தொழில்முறை ஆட்டத்தின் ஹால் ஆஃப் ஃபேம் எனும் சாதனையாளர் பட்டியலில் ஏறினார்கள். டோலர் 1965இல் அந்தத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவரானார். போதுமா?

'ரெண்டு பேருக்காக எல்லாரும் நஷ்டப்படணுமா?' இதற்குத்தான் எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அந்தக் கணக்கை நாங்களும் போட்டிருக்கிறோம்.

கல்லூரியில் கபடி ஆடப் போன ஓர் ஊரில், எங்களைத் தங்கவைத்த வீட்டுக்காரர் ஒருத்தனைக் காட்டி, "அந்தத் தம்பி மட்டும் வெளியில படுத்துக்கட்டும்" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பாதவன் அவன். "விடுங்கடா, நீங்க ஆடுங்க" என்று அவனே சொல்லிவிட்டு ராத்திரி பஸ் ஏறினான். நாங்கள் ஆடினோம். ஜெயித்தோம். போட்டோவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அவனேதானே சொன்னான் என்று இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் கணக்குப்படி நாங்கள்தான் பிழைக்கத் தெரிந்தவர்கள். அடுத்த வகுப்புக்கு அந்தக் கோப்பையை வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன், மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கைப்பிடி உடைந்திருக்கும்.