கண்ணாடி முன் வசனம் பேசுவதை நிறுத்துங்கள் தம்பிகளா

காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று "நான் வெற்றியாளன், நான் சிங்கம்" என்று பத்து தடவை சொல்லச் சொல்லும் ரீல்ஸ் இப்போது தெருவுக்கு நாலு. சொல்பவருக்கு வியூஸ் ஏறுகிறது. கேட்டுச் செய்கிற இருபது வயதுப் பையனுக்கு என்ன ஆகிறது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டது. "நான் அன்புக்குரியவன்" என்ற மாதிரி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஏற்கெனவே தன்மீது நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு கூடியது. தன்னைத் தாழ்வாக நினைத்தவர்களுக்கோ மனநிலை இன்னும் இறங்கியது. மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

வாய் "நான் வெற்றியாளன்" என்றதும் மனசு எதிர்வாதத்தை எடுத்து வைக்கிறது. நாலு அரியர், போன மாசம் இண்டர்வியூவில் திக்கியது, தங்கச்சி முன்னால் அப்பா திட்டியது. வசனம் எவ்வளவு பெரிசோ அவ்வளவுக்கு எதிர்வாதமும் நீளும்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இலேயே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். "இது என்னால் முடியும்" என்ற நம்பிக்கை நாலு வழியில் வருகிறது: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் தரும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை. நாலில் வலுவானது முதலாவது. மோட்டிவேஷன் வியாபாரம் மொத்தமும் மூன்றாவதை வைத்து ஓடுகிறது. எனக்கு அந்த வியாபாரத்தின் மேல் இருக்கும் கோபம் இதுதான்.

ஆகவே எண்ணிக்கை தெரிகிற ஒன்றில் ஆரம்பியுங்கள். தண்டால் போதும், ஜிம் ஃபீஸ் வேண்டாம். ஒரே மூச்சில் சரியாக எத்தனை வருகிறது என்று பாருங்கள். எட்டு வந்தால், நாலு நாலாக நாலு செட், நடுவே ஒன்றரை நிமிஷம் ஓய்வு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வாரம் மூன்று நாள். வாரத்துக்கு ஒன்று கூட்டுங்கள். ஆறாவது வார முடிவில் மறுபடி சோதனை. ஒன்றுகூட வரவில்லை என்றால் மாடிப்படியின் மூன்றாவது படியில் கை ஊன்றிச் செய்யுங்கள், சுலபமானதும் ஒரு படி கீழே இறங்குங்கள். இடுப்பு தொய்யக் கூடாது. முழங்கை பக்கவாட்டில் முழுசாக விரிந்தால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும், உடம்பிலிருந்து 45 டிகிரி அளவில் இருக்கட்டும். பெரும்பாலானோர் விடுவது வலியால் அல்ல, முதல் வாரமே தினமும் முடியாத வரைக்கும் அடித்து எட்டாம் நாள் வெறுத்துப் போவதால். தேதியும் எண்ணிக்கையும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். மனசு எதிர்வாதம் பேசும்போது காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே காகிதம் அது.

சாப்பாட்டுக்கு டப்பா பவுடர் கட்டாயம் இல்லை. பயிற்சி செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம் போதும், அதற்கு மேல் பெரிய லாபம் கிடையாது. ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் 25 கிராம். ஜிம்மில் யாராவது ஊசி பற்றிக் கிசுகிசுத்தால் விலகிவிடுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறினால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும்.

நம் ஊர்ப் பையன்களை உடம்பைவிட அதிகமாக நசுக்குவது இங்கிலீஷ். ஹெச்.ஆர். ரவுண்டில் "உன்னைப் பற்றிச் சொல்" என்றதும் யூடியூபில் மனப்பாடம் செய்த "ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங் அண்ட் சின்சியர்" ஓட ஆரம்பிக்கும். நடுவில் அவர் ஒரு கேள்வி போட்டால் மொத்தமும் சரியும். மனப்பாடத்துக்கு முதல் வரியில்தான் கதவு, நடுவில் நுழைய வழி இல்லை.

வேறு வழி இது. முதலில் தமிழில் ஆறு வாக்கியம் எழுதுங்கள்: யார், என்ன படிப்பு, செய்த ஒரு பிராஜக்ட்டில் என்ன பிரச்சினை, அதில் உங்கள் கை வேலை எது, என்ன கிடைத்தது, இந்த வேலை ஏன். பிறகு சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக மாற்றுங்கள். போனில் 90 நொடி ரெக்கார்ட் செய்து கேளுங்கள். உச்சரிப்பை விட்டுவிட்டு, எங்கே நின்றீர்கள், எத்தனை "ஆக்சுவலி" வந்தது என்று மட்டும் எண்ணுங்கள். நாலாவது வாக்கியத்திலிருந்து ஆரம்பித்துப் பழகுங்கள், பிறகு இரண்டாவதிலிருந்து. அடுத்த வாரம் ஒரு நண்பன் முன்னால், அதற்கடுத்த வாரம் மூன்று பேர் முன்னால். நெஞ்சு படபடக்கும்போது எழுந்து ஓடாதீர்கள். ஓடினால் "தப்பித்ததால்தான் பிழைத்தேன்" என்று மனசு கற்றுக்கொள்ளும், அடுத்த தடவை பயம் கூடும். படபடப்பு தானாக இறங்கும் வரை பேச்சிலேயே இருங்கள்.

பேசும்போது எல்லாரும் நம்மையே பார்க்கிற மாதிரி தோன்றும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு, சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி ஒரு அறைக்குள் அனுப்பியது. ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர். 2000-இல் வெளிவந்த ஆய்வு.

முகத்துக்கு வருவோம். செல்ஃபியில் மூக்கு பெரிசாகத் தெரிவது உங்கள் மூக்கின் குற்றம் இல்லை. கேமரா 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்ததைவிட ஆண்களின் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாக விழும் என்று 2018-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். போனை எங்காவது சாய்த்து வைத்து, டைமர் போட்டு, ரெண்டு எட்டுப் பின்னால் நின்று எடுத்துப் பாருங்கள்.

நிறம்தான் நிஜமான ஆபத்து, ஏனென்றால் அதில் பையன்கள் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். நண்பன் சொன்னான் என்று வாங்கும் "வெள்ளையாக்கும்" டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இவ்வகைக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் இறுக்கியது, ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆகும், அதுதான் தூண்டில். போகப் போகத் தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் கிளம்பும், நிறுத்தினால் எரிச்சல் கூடும், எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே தடவுவார்கள். மாதக்கணக்கில் போட்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டி, படிப்படியாகக் குறையுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மார்க். வருஷக்கணக்காக அந்த ஒரு எண்ணை மட்டுமே தன் மதிப்பாக வைத்திருப்பவனுக்கு ரிசல்ட் நாள் தீர்ப்பு நாள் ஆகிவிடுகிறது. வாரத்தில் நாலு மணி நேரமாவது காசு வரும் வேலை ஒன்று வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாலும் சரி. படிப்பு கெடும் என்று வீட்டில் சொல்வார்கள், நாலு மணி நேரத்தில் கெடாது. ரெண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாவு பற்றிய நினைப்பு வந்தால் இந்தப் பதிவில் உள்ள எதுவும் போதாது. மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கடைசியாக, கல்யாண வீடு. போகாமல் ஒளிவது இண்டர்வியூவில் எழுந்து ஓடுவதற்குச் சமம். ஒரு வரிப் பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். "இப்ப என்னடா பண்ற?" என்றால், "நவம்பர்ல ரெண்டு பேப்பர் எழுதுறேன் மாமா, சாயங்காலம் டேலி கத்துக்கிறேன்." தேதியும் வேலையும் இருக்கட்டும், மன்னிப்பு தொனி வேண்டாம். மூச்சு விடாமல் அடுத்த கேள்வியை நீங்கள் போடுங்கள்: "உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு மாமா?" அரை மணி நேரத்துக்கு உங்கள் அரியர் பக்கம் யாரும் வர மாட்டார்கள்.