குறைக்கச் சொல்வதற்கு முன்னால் தட்டைப் பாருங்கள்

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டு முகாமில் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியைக் குறைக்கச் சொல்லி ஒரு சிறப்பு விருந்தினர் பேசிய அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பி, "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டபோதுகூடப் பதில் போடவில்லை. நேற்று ராத்திரி எங்கள் உடற்கல்வி ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே ஒருவர் அதை "மாணவர்களுக்குப் போட்டுக் காட்டவும்" என்று பகிர்ந்திருக்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி. அதற்குப் பிறகு பொறுக்க முடியவில்லை.

முகாமில் என்ன நடந்தது என்று முழுசாக விளக்கப் போவதில்லை. வீடியோவைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விளையாட்டில் மேலே வர வேண்டுமானால் சிகப்பு இறைச்சியைக் குறைக்க வேண்டும் என்று அந்தச் சிறப்பு விருந்தினர் சொன்னார். சொல்லிவிட்டு, மட்டன், பீஃப் சாப்பிடுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். தூக்கிய கைகளைப் பார்த்து முன்வரிசை சிரித்தது. அதில் ஒரு கை என் மாணவியுடையது. 800 மீட்டர் ஓடுகிற பிள்ளை.

நான் கேட்பது ஒன்றுதான். குறைக்கச் சொன்னவர், அவள் இப்போது எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று கேட்டாரா?

கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். ஐந்து பேர் இருக்கிற வீடு. கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ எடுப்பார்கள். எலும்போடு சேர்த்து அரைக் கிலோ. அப்பாவுக்கும் தம்பிக்கும் போட்டது போக இவள் தட்டுக்கு நாலைந்து துண்டு வந்தால் அதிகம். எல்லா ஞாயிறும் கறி எடுக்க முடிவதும் இல்லை. இதில் எதைக் குறைப்பது?

அறிவியல் பேசினால் உடனே "இறைச்சி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்று கிளம்பி வருவார்கள். சொன்னது உண்மைதான். 2015 அக்டோபரில் அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் "புற்றுநோய் உண்டாக்கும்" என்கிற முதல் பிரிவிலும், சிகப்பு இறைச்சியை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்கிற 2ஏ பிரிவிலும் வைத்தது. பதப்படுத்தியது என்றால் சாசேஜ், பேக்கன், ஹாம் மாதிரியானவை. அதைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்றார்கள். தினமும் என்பதைக் கவனியுங்கள். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சிகப்பு இறைச்சிக்கு ஒரு வரம்பும் சொல்கிறது. சமைத்த நிலையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை, அதாவது மூன்று வேளை அளவு, அதற்கு மேல் வேண்டாம் என்கிறது. என் மாணவிக்கு எலும்பு கழித்துக் கிடைக்கிற கறி ஐம்பது, அறுபது கிராம் இருக்கும். அவர்கள் சொன்ன 350-ஐ வைத்துப் பார்த்தாலே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு! வரம்புக்கு இவ்வளவு கீழே இருக்கிற பிள்ளையைப் பார்த்துக் குறை என்றால், அது எந்தப் புத்தகத்தில் இருக்கிற ஆலோசனை?

மெல்பர்னிலோ டெக்சஸிலோ தினம் ராத்திரி ஒரு ஸ்டேக் சாப்பிடுகிறவருக்கு எழுதிய அறிவுரை அது. அங்கே அது சரி. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தலையில் போடக் கூடாது.

இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன குறை என்பது அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதத்துக்கும் மேல். பாதிக்குப் பாதிக்கும் அதிகம். ஓடுகிற பெண்களுக்கு இது இன்னும் மோசம். மாதவிடாயில் இரும்பு போகும், வியர்வையில் கொஞ்சம் போகும், பாதம் தரையில் அடிக்க அடிக்க ரத்த அணுக்கள் உடைந்து கொஞ்சம் போகும். கடினமான பயிற்சி முடிந்ததும் சில மணி நேரத்துக்கு ஹெப்சிடின் என்கிற ஹார்மோன் ஏறி, சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்புக்குள் விடாமல் தடுக்கும். இத்தனையும் சேர்ந்துதான் கடைசி 200 மீட்டரில் கால் நகராமல் நிற்கிறது.

கீரை இருக்கிறதே, பேரீச்சை இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது, சாப்பிடட்டும், நானே சாப்பிடச் சொல்கிறேன். ஆனால் இறைச்சியில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்கிற அளவும் கீரையில் இருப்பதை எடுத்துக்கொள்கிற அளவும் ஒன்றில்லை. இறைச்சியில் இருக்கிற ஹீம் என்கிற வகை இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை சேரும். கீரை, பருப்பில் இருப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும். கோழி போதாதா என்றால், கோழியின் நெஞ்சுக்கறியைவிட ஆட்டுக்கறியிலும் மாட்டுக்கறியிலும் இரும்பு அதிகம். துத்தநாகமும் தசைக்குச் சக்தி தருகிற கிரியாட்டினும் வைட்டமின் பி12-ம் ஒன்றாகக் கிடைக்கிற சாப்பாடு இது. கிரியாட்டின் டப்பாவை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிக் கலக்கிக் குடிக்கிறார்களே, அது இயற்கையாகவே இருக்கிற இடம் கறியும் மீனும்தான்.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. நானும் 1500 மீட்டர் ஓடினவள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கட்டத்தில் மூன்றாவது சுற்றிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் அப்போதைய கோச் அதைச் சோம்பல் என்றார். எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்து, "உனக்கு மனசு இல்லை" என்றார். நானும் நம்பி, விடியற்காலையில் எழுந்து இன்னும் அதிகமாக ஓடினேன், இன்னும் மோசமானது. கடைசியில் அம்மா என்னை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போய் ரத்தம் சோதிக்க வைத்தார். ஹீமோகுளோபின் எட்டரை. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அதோடு அம்மா தன் வைத்தியத்தையும் ஆரம்பித்தார். ஆட்டுக்கறி வாங்க எங்களிடம் காசு இருக்காது. ஆனால் கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து, விடிவதற்குள் போய்ச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வந்துவிடுவார். அதை மிளகு போட்டு வதக்கி, பக்கத்தில் உட்கார்ந்து நான் முழுங்குகிற வரை எழுந்திருக்க மாட்டார். மற்ற நாளில் பெரிய கறி என்கிற மாட்டுக்கறி, மாட்டு ஈரல். மாத்திரையும் இதுவும் சேர்ந்து அடுத்த சீசனுக்குள் என்னை மறுபடி தடத்துக்குக் கொண்டு வந்தன. மாத்திரை இல்லாமல் சுவரொட்டி மட்டுமே செய்தது என்று சொல்ல வரவில்லை. இரண்டும் வேண்டியிருந்தது.

அதே வருஷம் ஒரு போட்டிக்காக வெளியூர் போய், பள்ளி வகுப்பறையில் தங்கியிருந்தோம். என் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது என்று தெரிந்ததும் எங்களுக்குப் பொறுப்பாக வந்தவர், பாக்ஸை உள்ளே கழுவாதே, வெளியே குழாயில் கழுவிக்கொண்டு வா என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த வீடியோவில் முன்வரிசை சிரித்தபோது எனக்குக் கேட்டது அதே குரல்தான்.

இப்போது எதிர்க்கருத்துகளுக்கு வருகிறேன். எப்படியும் கமெண்டில் வரத்தான் போகின்றன.

"விராட் கோலி இறைச்சியை விட்டுவிட்டாரே?" 2018-ல் கழுத்து எலும்புப் பிரச்சினை, யூரிக் அமிலம் என்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்க ஓட்டக்காரர் கார்ல் லூயிஸ் பால்கூடச் சேர்க்காத வீகன் உணவில் இருந்தபோதுதான் 1991 டோக்கியோவில் 100 மீட்டரை 9.86 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். சைவம் சாப்பிட்டுச் சாதிக்க முடியாது என்று நான் எங்கே சொன்னேன்? அவர்கள் தாங்களாக விட்டார்கள். விட்ட இடத்தை எதை வைத்து நிரப்புவது என்று யோசிக்கவும், அதை வாங்கவும் வசதி இருந்தது. வடக்கே மல்யுத்த அகாடாக்களில் கறி இல்லாமலே பெரிய வீரர்கள் வருகிறார்கள். அங்கே பால், நெய், பாதாம் எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள். நம் விருந்தினரும் பாதாம், பனீர், ஓட்ஸ் என்று பட்டியல் போட்டார். அதற்கு யார் பணம் கொடுப்பது என்று சொல்லவே இல்லை. ஆட்டுக்கறி கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. அதில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கிற நல்ல புரதம் மாட்டுக்கறி. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைக்கு எட்டுகிற ஒன்றைப் பிடுங்கிவிட்டு எட்டாத பத்தைச் சொல்வதற்குப் பெயர் ஊட்டச்சத்து ஆலோசனை இல்லை.

"கறியால் ஊக்கமருந்து சோதனையில் மாட்டுவார்கள்" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் எழுதினார். கவலைப்பட வேண்டிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். 2011-ல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக்கோப்பையில் எடுத்த 208 மாதிரிகளில் 109-ல் கிளென்பியூட்டரால் என்கிற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. அங்கே கால்நடைகளைக் கொழுக்க வைக்கக் கொடுத்த மருந்து கறி வழியாக வந்தது. சீனாவிலும் இதே பயம் இருந்தது. ஆனால் அந்தப் பிரச்சினை மாட்டுக்குப் போட்ட மருந்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்வதானால், மருந்து போடாத கறியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

"போட்டிக்கு முன்னால் மட்டன் பிரியாணி சாப்பிட்டு வந்து நிற்கிறார்களே?" இதை முழுசாக ஏற்கிறேன். கொழுப்பும் எண்ணெயும் செரிக்க நேரமாகும். ஓட்டத்துக்கு மூன்று நாலு மணி நேரம் முன்னால் இட்லி, சோறு, வாழைப்பழம் போதும். என் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். 2019-ல் பயிற்சியாளர் மிஸ்பா உல் ஹக் பாகிஸ்தான் கிரிக்கெட் முகாமில் பிரியாணியையும் எண்ணெய் மிதக்கிற கறியையும் நிறுத்தியதாகச் செய்தி வந்தது. அங்கே அளவுக்கு மீறி இருந்தது, குறைக்கச் சொன்னார். அதில் தப்பே இல்லை. இருக்கிற இடத்தில் குறைக்கலாம். இல்லாத இடத்தில் எதைக் குறைப்பது என்பதுதான் என் கேள்வி.

நம் ஊர் விளையாட்டு வீரர்களின் கதை எப்போதுமே போதாமையின் கதை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை விட்டார். அந்த ஒலிம்பிக் கிராமத்தில் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினேன், கடைசி 35 மீட்டரில் அது தெரிந்தது என்று பல வருஷம் கழித்து அவரே சொன்னார். நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கே அந்த நிலை. அந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகள் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று எப்படிச் சொல்ல வாய் வருகிறது?

சரி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பற்றிய அக்கறை மட்டும்தான் என்றால் ஏன் கையைத் தூக்கச் சொல்ல வேண்டும்? சிப்ஸ் சாப்பிடுகிறவர்கள், கூல்டிரிங்ஸ் குடிக்கிறவர்கள், காலைச் சாப்பாடு சாப்பிடாமல் கிரவுண்டுக்கு வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று அவர் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் எல்லாக் கையும் தூக்கியிருக்கும், யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

2021 நவம்பரில் நியூசிலாந்து அணி கான்பூரில் ஆட வந்தபோது, இந்திய வீரர்களின் உணவுப் பட்டியலில் மாடும் பன்றியும் கூடாது, மற்ற இறைச்சி ஹலாலாக இருக்க வேண்டும் என்று இருப்பதாகச் செய்தி வந்து நாடே சண்டை போட்டது. அப்படி எதுவும் நாங்கள் சொல்லவில்லை என்று கிரிக்கெட் வாரியத்தின் அப்போதைய பொருளாளர் அருண் துமல் மறுத்தார். அந்தச் சண்டையில் ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று எங்கேயாவது பேச்சு வந்ததா? அவ்வளவு தூரம் ஏன், 2022 மே மாதம் எங்கள் ஆம்பூரில் அரசாங்கமே நடத்த இருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப்போனது. அன்று பேசியது விருந்தைப் பற்றி, இன்று பேசுவது உடல்நலத்தைப் பற்றி. இரண்டிலும் ஒதுக்கப்பட்ட தட்டு ஒரே தெருவில்தான் இருக்கிறது.

"எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டு வருகிறாய்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: நான் கொண்டு வரவில்லை. ஒரு பதினைந்து வயசுப் பிள்ளை தன் வீட்டுச் சாப்பாட்டுக்காகக் கையைத் தூக்கி, நாலு பேர் சிரித்து, அவள் கையை இறக்கினாளே, அப்போதே அது வந்துவிட்டது. வீட்டுக்குப் போய், எனக்குக் கறி வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா என்னிடம் போனில் கேட்டார், "நாங்க சாப்பிடறது தப்பா டீச்சர்?" தப்பில்லைம்மா. துளிகூடத் தப்பில்லை.

என் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்ட மாட்டேன். குழுவிலும் அதையே எழுதிவிட்டேன். அடுத்த முகாமில் சாப்பாட்டைப் பற்றிப் பேச யாரைக் கூப்பிட்டாலும், முதலில் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யட்டும், யாருக்கு என்ன குறை என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் பேசட்டும். யூரிக் அமிலம் உள்ளவருக்குக் குறைக்கச் சொல்லட்டும், எட்டரையில் இருப்பவளுக்குக் கூட்டச் சொல்லட்டும். எங்கள் ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற ஃபெரிட்டினும் சோதித்துத்தர முடிகிற மருத்துவர்களோ லேப் நடத்துகிறவர்களோ இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அவளைத்தான் முதலில் அழைத்து வருவேன்.