மேஜைக்கும் மேஜைக்கும் நடுவில்

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு போன். "சார், ஜீரோ கேட்டாண்ட நிக்கிறேன். சீல் நம்பர் ஒத்துக்கலயாம். வண்டிய ஓரங்கட்டச் சொல்லிட்டாங்க. பின்னாடி வண்டிக்காரனுங்க ஆரன் அடிச்சே சாவடிக்கிறானுங்க. இன்னா பண்றது?"

ஜீரோ கேட் என்பது சென்னைத் துறைமுகத்தின் ஒரு வாசல். வடசென்னைக்காரர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்டெய்னர் வண்டிகள் நிற்கும் வரிசையைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் எண்ணப் பழகுகிறார்கள். எனக்கு வீடு தண்டையார்பேட்டை, வேலை மண்ணடியில். ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கும் ஆபீஸ். 17 வருஷம் ஆகிவிட்டது. கம்பெனிகளில் "பிராசஸ்" என்ற பெயரில் நடக்கும் கூத்தைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். அந்த போனிலிருந்தே தொடங்குகிறேன்.

வண்டியில் இருந்தது ஆம்பூர் ஷூ. கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போக ஃபார்ம் 13 வேண்டும். அதில் கண்டெய்னர் நம்பர், சீல் நம்பர், எடை எல்லாம் இருக்கும். கண்டெய்னர் கதவில் பூட்டு மாதிரித் தொங்கும் சீலில் கடைசி எண் 6. எங்கள் ஃபார்மில் 0. அவ்வளவுதான் விஷயம். தூக்கத்தில் இருந்தவர்களை எழுப்பி, திருத்தி, வண்டி உள்ளே நுழைந்தபோது கட்-ஆஃப், அதாவது அந்தக் கப்பலுக்குப் பெட்டி வாங்கும் கடைசி நேரம், தாண்டிவிட்டது. பெட்டி ஷட்-அவுட். அடுத்த கப்பலில்தான் போனது.

மறுநாள் மீட்டிங். முதல் கேள்வியே "யாரு தப்பு?" என்பதுதான். டாக்குமென்ட் செக்‌ஷனில் ஒரு பையன், வேலைக்கு வந்து எட்டு மாசம். அவனுக்கு மெமோ. கூடவே ஒரு புது விதி: இனிமேல் ஃபார்ம் 13 எல்லாம் மேனேஜர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும். இரண்டு மாசத்தில் அதே மாதிரி இன்னொரு தப்பு. உடனே இரண்டாவது கையெழுத்து.

எனக்கு அந்தப் பையன் மேல் பாவமாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் பாக்கெட் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு சீல் நம்பரின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஆம்பூரில் ஸ்டஃபிங், அதாவது பெட்டிக்குள் சரக்கு ஏற்றுவது, முடிந்ததும் சூப்பர்வைசர் சீலைப் பார்த்து பால்பாயின்ட் பேனாவால் ஒரு சீட்டில் எழுதுகிறார். சீட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்பில், வண்டிப் போக்குவரத்தைப் பார்க்கும் எங்கள் டிராஃபிக் மேஜைக்கு அனுப்புகிறார். டிராஃபிக்கில் இருப்பவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து எக்செல்லில் அடிக்கிறார். எக்செல் மெயிலில் டாக்குமென்ட்டுக்குப் போகிறது. பையன் அதைப் பார்த்து ஃபார்மில் அடிக்கிறான். ஆம்பூர்க்காரர் அவசரத்தில் போட்ட 6-க்குத் தலை மூடிக்கொண்டு விட்டது. அது டிராஃபிக் மேஜைக்குத் தாவும்போதே 0 ஆகிவிட்டது. பையன் தனக்கு வந்ததை அட்சரம் பிசகாமல் அடித்திருக்கிறான்.

மேனேஜர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார் என்று கவனித்தேன். ஒரு கையில் எக்செல் பிரிண்ட், இன்னொரு கையில் ஃபார்ம் 13. இரண்டிலும் 0. சரியாக இருக்கிறது, டிக். இரண்டாவது ஆளும் அதே இரண்டு காகிதத்தைத்தான் பார்க்கிறார். நகலோடு நகலை ஒப்பிட்டால் பத்துப் பேர் பார்த்தாலும் ஒத்துத்தான் போகும். சீலை யாருமே பார்க்கவில்லை.

சொல்ல வந்தது இதுதான். நம் கம்பெனிகளில் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு தலை உண்டு. டிராஃபிக் ஹெட், டாக்குமென்ட் ஹெட், அக்கவுண்ட்ஸ் ஹெட் எல்லோரும் இருக்கிறார்கள். ஆம்பூரில் கதவு சாத்தியதிலிருந்து கப்பல் ஏறும்வரை அந்தப் பெட்டி போகும் வழிக்கு மட்டும் ஆளே இல்லை. தப்பு எதுவும் மேஜையில் நடக்கவில்லை. ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குத் தாவும்போது நடக்கிறது. அந்த இடைவெளி எந்த ஹெட்டின் எல்லையிலும் வராது.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் கதை ஒன்று உண்டு, நிர்வாக நிபுணர் மைக்கேல் ஹாமர் 1990-ல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது. சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500-க்கு மேல் ஆட்கள். கம்ப்யூட்டரைப் போட்டு அதை 400 ஆக்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஜப்பானின் மாஸ்டாவைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு 5 பேர். மாஸ்டா சின்ன கம்பெனிதான் என்று கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. ஃபோர்டில் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, பில் என்ற மூன்று காகிதத்திலும் 14 விவரம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதிலேயே பொழுது போனது. ஒத்துப்போகாதவற்றைத் துரத்துவதில் மீதி. கடைசியில் ஃபோர்டு பில்லையே எடுத்துவிட்டது. சரக்கு வாசலுக்கு வந்ததும் ஆர்டரோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் பணம். ஒத்துப் பார்க்க 3 விவரம் போதுமானது. ஆட்கள் முக்கால்வாசி குறைந்தார்கள்.

"முக்கால்வாசி குறைந்தார்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அதைப் படிக்கும்போது பெரம்பூர், புளியந்தோப்புக்காரர்கள் வயிற்றில் ஏதோ செய்யும். பின்னி மில் தொழிலாளிகள் 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் அமைத்த ஊர் இது. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று மேலே ஒருவன் எழுதுவதும் கீழே இருப்பவன் வாயை மூடிக்கொண்டு செய்வதும் எங்கே போய் முடியும் என்று இங்கே பாடம் எடுக்கத் தேவையில்லை. ஹாமர் சொன்ன வழியை 90-களில் பல கம்பெனிகள் ஆட்குறைப்புக்கு நல்ல பெயராகத்தான் பயன்படுத்திக்கொண்டன. மனுஷர்கள் பக்கத்தைத் தான் போதிய அளவு யோசிக்கவில்லை என்று அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

எனக்குப் பிடித்தது டெமிங் வழி. அமெரிக்கர். 1950-ல் ஜப்பானுக்குப் போய்த் தரம் பற்றி வகுப்பெடுத்தவர். தப்புகளில் பெரும்பகுதி ஏற்பாட்டில் இருக்கிறது, ஆளிடம் இல்லை என்பதைச் சலிக்காமல் சொன்னவர். இதையெல்லாம் ஜப்பானோடு நிறுத்தவும் வேண்டாம். நம் சென்னைப் பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல், தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். பெரம்பூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்.

டொயோட்டாவில் லைனில் நிற்கும் தொழிலாளி கோளாறைப் பார்த்தால் ஒரு கயிற்றை இழுக்கலாம். சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும். எங்கள் டாக்குமென்ட் பையனுக்கு அப்படிக் கயிறு எதுவும் இல்லை. "இந்த 0 சந்தேகமா இருக்கு" என்று சொன்னால் "உனக்கு வந்ததை அடிப்பா" என்பதுதான் பதில். கேட்டேன். இரண்டு தடவை சொல்லியிருக்கிறான்.

கன்சல்டன்ட் வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்தோம். மூன்று வாரம் வந்தார், மேனேஜர்களோடு மட்டும் பேசினார். சுவர் அகலத்துக்குக் கட்டமும் டைமண்டும் அம்புக்குறியுமாக ஒரு படம் போட்டுக் கொடுத்தார். அந்தப் படமொழி மோசமில்லை. பி.பி.எம்.என். என்று பெயர், 2013-ல் ஐ.எஸ்.ஓ.வின் சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்டது. எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு வேலை தாவுகிறது என்று தெளிவாகத் தெரியும். ஆனால் எங்கள் படத்தில் வாட்ஸப் இல்லை. பால்பாயின்ட் சீட்டும் இல்லை. எல்லா விவரமும் "சிஸ்டம்" வழியாக வந்துகொண்டிருந்தது. மேனேஜர்கள் நடப்பதாக நம்பியதை அவர் வரைந்திருந்தார். இப்போது அந்த ஷீட்டின் பாதி, சாப்பாட்டு மேஜையில் சாம்பார் கொட்டாமல் இருக்க விரித்திருக்கிறது.

சாஃப்ட்வேர் பற்றியும் இதே கருத்துதான். வழி கோணலாக இருக்கும்போது சாஃப்ட்வேர் போட்டால் கோணல் வேகமாக நடக்கும். தர நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழை ரிசப்ஷனில் மாட்டியிருக்கும் கம்பெனிகளுக்கு இன்னொன்று: 2000-ம் வருஷப் பதிப்பிலிருந்தே அது துறைகளை விட்டுவிட்டு வேலை ஓடும் வழியைப் பார் என்றுதான் சொல்கிறது. 2015 பதிப்பில் அந்தக் கனமான குவாலிட்டி மேனுவலே கட்டாயம் இல்லை. நம் ஆட்கள் இன்னும் ஆடிட்டுக்கு முந்தின நாள் அதைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சின்ன கணக்கு, ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்தது. உள்ளே இருப்பதை ஒரு நாளைக்கு வெளியேறுவதால் வகுத்தால், ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்று வந்துவிடும். எங்கள் மேஜைகளில் 60 ஃபைல் கிடந்தது, நாளைக்கு 20 முடிந்தது. அப்படியானால் சராசரியாக ஒரு ஃபைலுக்கு 3 நாள். ஒரு ஃபைலில் கை படும் நேரம் இரண்டு மணிகூட வராது. மீதி நேரமெல்லாம் அது யாரோ டிரேயில் கையெழுத்துக்குத் தூங்குகிறது. ஆளை அதட்டினால் அந்த இரண்டு மணி ஒன்றே முக்கால் ஆகும். தூக்கம் அப்படியேதான் இருக்கும். துறைமுக வாசல் வரிசைக்கும் இதே கணக்குதான். டிரைவரைத் திட்டி வரிசை நகராது.

நோட்டைக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்ளோ கையா மாறுது?" என்றார். பிறகு நாங்கள் செய்தது பெரிய விஷயமில்லை. ஆம்பூர்க்காரர் சீட்டை போட்டோ எடுப்பதில்லை, சீலையே எடுக்கிறார். நம்பரை அவரே, எல்லோரும் கம்ப்யூட்டரில் பார்க்கும் ஒரே ஷீட்டில் ஒரு தடவை அடிக்கிறார். அதன் பிறகு எங்கேயும் கையால் அடிப்பதில்லை, அதே எண்தான் ஃபார்முக்குப் போகிறது. சரிபார்ப்பவர் சீல் போட்டோவை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே பெயர். அந்தப் பெயருக்குத்தான் டிரைவர் போன் போடுவார்.

டிராஃபிக் மேஜை அக்கா மட்டும் என்னிடம் தனியாக வந்து, "நம்பர் அடிக்கிற வேலை போச்சுன்னா நான் எதுக்குப்பா?" என்று கேட்டார். நியாயமான பயம். யாரையும் அனுப்பப் போவதில்லை என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகுதான் அந்த அக்கா, டிராஃபிக்கில் இன்னும் எங்கெல்லாம் இரட்டை வேலை நடக்கிறது என்று வாயைத் திறந்தார். என் நோட்டில் இல்லாத ஏழு இடம் சொன்னார்.

ராத்திரி போன் நின்றுவிடவில்லை. போன மாசம்கூட ஒன்று, எடைச் சீட்டுத் தகராறு. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த இரண்டு கையெழுத்தும் இன்னும் இருக்கின்றன. ஒன்றை எடுத்துவிடலாம் சார் என்று மேனேஜரிடம் சொன்னேன். "இருக்கட்டும்ப்பா, ஒரு சேஃப்டிக்கு" என்றார். எதிலிருந்து சேஃப்டி என்று கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றார். பொங்கலுக்கு முன்னால் கேட்டது.