அந்த 'ட்விஸ்ட்' காட்சியை முதலில் தூக்குங்கள்

திருநர் மீதான வன்முறையைப் பற்றி விழிப்புணர்வுப் படம் எடுக்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: ஸ்கிரிப்டில் அந்தக் காட்சி இருக்கிறதா? எந்தக் காட்சி என்று உங்களுக்கே தெரியும். காதலிக்கிறான், நெருங்குகிறான், ஆடை விலகுகிறது, அவள் திருநங்கை என்று தெரிகிறது, பின்னணி இசை திடுக்கென்று எகிறுகிறது, அவன் முகத்துக்கு ஒரு குளோசப். அவளுக்கு எதுவும் கிடையாது. 1992-இல் வந்த 'தி க்ரையிங் கேம்' படத்தில் அவன் அவளை அடித்துத் தள்ளிவிட்டுப் போய் வாந்தி எடுப்பான். இரண்டே வருடத்தில் ஒரு ஹாலிவுட் காமெடிப் படம் அந்த வாந்தியையே இழுத்து இழுத்து ஜோக்காக்கிவிட்டது.

இதே கதையை நீதிமன்றத்திலும் சொன்னார்கள். 2002-இல் கலிஃபோர்னியாவில் க்வென் அராவ்ஹோ என்ற 17 வயதுத் திருநங்கையை ஒரு வீட்டில் வைத்து அடித்து, கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவள் திருநங்கை என்ற உண்மை தெரிந்த அதிர்ச்சியில் நிதானம் இழந்துவிட்டார்கள், அதனால் இதைப் பெரிய கொலைக்குற்றமாகப் பார்க்கக் கூடாது என்று கொலையாளிகள் தரப்பில் வாதாடினார்கள். அப்படியே சினிமா ட்விஸ்ட்! இந்தச் சாக்கைச் சட்டம் போட்டுத் தடுக்க 2014 ஆனது, அதுவும் அமெரிக்காவிலேயே கலிஃபோர்னியாதான் முதல். படம் பார்த்துதான் கொன்றார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு வாதத்தை வைத்தால் எடுபடும் என்று ஒரு வக்கீலுக்குத் தோன்றுகிறதே, கேட்பவர்கள் மனதில் அந்தக் காட்சி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால்தானே?

யார் நடிக்கிறார்கள் என்பதும் இங்கேதான் வந்து நிற்கிறது. நடிப்பென்றாலே இன்னொருவராக மாறுவதுதானே என்கிறீர்கள், சரி. ஆனால் திருநங்கையாக நடித்த ஆண், படம் முடிந்ததும் தாடியும் கோட்டுமாக மேடையேறி விருது வாங்கும்போது, பார்க்கிறவர் மனதில் என்ன பதியும்? உள்ளே இருப்பது ஆண்தான், மேலே வேஷம். 'என்னை ஏமாற்றிவிட்டாள்' என்று சொல்கிற கொலைகாரனும் அதைத்தானே சொல்கிறான்.

2017-இல் வந்த சிலி நாட்டுப் படம் 'எ ஃபன்டாஸ்டிக் வுமன்' பாருங்கள். திருநங்கையான டானியேலா வேகாவை இயக்குநர் முதலில் ஆலோசனைக்குத்தான் கூப்பிட்டார், பேசப்பேச அவரே நாயகி ஆனார். படத்தில் அவள் காதலன் இறந்துபோகிறான். அவளை யாரும் கொல்வதில்லை. போலீஸ் சந்தேகப்பட்டு உடலைப் பரிசோதிக்க வைக்கிறது, இறந்தவனின் சொந்தக்காரர்கள் காரில் இழுத்துப்போட்டு முகம் முழுக்க டேப் சுற்றுகிறார்கள். கொலைக்கு முன்னால் இத்தனை படிகள் இருக்கின்றன என்பது வெளியிலிருந்து எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தோன்றுவதே இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு ஷாட். அவள் ஆடையில்லாமல் படுத்திருக்கிறாள், நாம் எதைப் பார்க்கத் துடிப்போமோ அந்த இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் அவள் முகம். இன்னும் என்னய்யா தெரிய வேண்டும் உனக்கு?

2018 மார்ச்சில் அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியபோது, வேகாவின் சிலி நாட்டு ஆவணங்களில் பழைய பெயர்தான் இருந்தது. பாலின அடையாளச் சட்டம் அதே வருடக் கடைசியில் கையெழுத்தானது. பல வருடப் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது, படம் அதற்கு ஒரு தள்ளு கொடுத்தது.

அப்புறம் இந்த 'ஆராய்ச்சி' செய்கிறவர்கள். ஒரு திருநங்கையை உட்காரவைத்து, வீட்டை விட்டு வந்தது, அடி வாங்கியது எல்லாவற்றையும் நோண்டிக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். கடைசியில் டைட்டில் கார்டில் ஒரு நன்றி, அதுவும் எழுத்துப்பிழையோடு. ஹாலிவுட் திருநர்களை எப்படிக் காட்டியது என்று பேசும் 'டிஸ்க்ளோஷர்' ஆவணப்படக் குழு திருநர்களுக்கே வேலையில் முன்னுரிமை கொடுத்தது, கிடைக்காத இடங்களில், வேலை செய்கிறவரோடு திருநர் ஒருவரைச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்தது. ஆள் கிடைக்கவில்லை என்று கைவிரிக்கிறவர்கள் இதையாவது செய்யலாம். கதை விவாதத்தில் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள், எடிட்டிங் மேசையிலும் கூட வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காட்சி வேண்டாம் என்று அவர் சொல்லும்போது, 'ஆடியன்ஸ் எதிர்பார்ப்பாங்க' என்று மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.