ஷெல்லை மாற்றத் தயங்குபவர்கள் சோம்பேறிகள் அல்லர்

நாம் தட்டும் கட்டளைகளைப் புரிந்துகொண்டு கணினியைச் செயல்பட வைக்கும் நிரல்தான் ஷெல். பிரையன் ஃபாக்ஸ் 1989-இல் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதிய பாஷ் ஷெல்லையே இன்றும் விடாமல் பிடித்திருப்பவர்களைப் பழமைவாதிகள் என்றுதான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நானே மாறப் பார்த்து, இரண்டு வாரங்களில் பாஷுக்குத் திரும்பிய பிறகுதான் அவர்களுடைய தயக்கம் எனக்கு விளங்கியது.

முதலில் இசட்-ஷெல்லை முயன்றேன். ஒரு கோப்பைப் பதிவிறக்குவதற்காக நீண்ட இணைய முகவரி ஒன்றை, வழக்கம்போல் மேற்கோள் குறியில்லாமல் ஒட்டி என்டரைத் தட்டினேன்; பொருந்தும் கோப்பு எதுவும் இல்லை என்ற ஒற்றை வரியோடு கட்டளை நின்றுவிட்டது. முகவரியின் நடுவே ஒரு கேள்விக்குறி இருந்தது. ஷெல்லுக்கு அது ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும் அடையாளம். பொருந்தும் கோப்பு இல்லையென்றால் பாஷ் அதை அப்படியே கட்டளையிடம் கொடுத்துவிடும், இசட்-ஷெல் பிழை என்று நிறுத்திவிடும். இசட்-ஷெல் செய்வதே முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவசர வேலையின் நடுவில் முறை எது என்று யார் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்? அதைவிட, பழைய கட்டளை ஒன்றைத் தேடிக் கன்ட்ரோல்-ஆர் அழுத்தியபோது எதுவுமே வராததுதான் என்னை உலுக்கியது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த என் கட்டளைகளெல்லாம் பாஷின் வரலாற்றுக் கோப்பில் இருந்தன.

அடுத்து 2005-இல் வெளிவந்த ஃபிஷ் என்னும் ஷெல். தட்டும்போதே முழுக் கட்டளையையும் மங்கிய எழுத்தில் முன்வைக்கும் அதன் அழகில் மயங்காதவர் குறைவு. ஆயினும் முந்தைய கட்டளையின் முடிவை அறிய விரல்கள் தாமாகவே $? என்று தட்டும், ஃபிஷ் அதை ஏற்காமல், வேறு பெயரைப் பயன்படுத்துமாறு பணிவாகச் சொல்லும். நான் நாளில் பாதி நேரம் வேலை செய்யும் சர்வர்களிலோ இருப்பது பாஷ் மட்டுமே. ஒரே நாளில் இரண்டு இலக்கணங்களுக்கிடையே தாவுவதில் வரும் களைப்பு, புதிய ஷெல்லைப் புகழ்பவர்களின் கணக்கில் ஏனோ சேர்வதே இல்லை.

கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகளான பழைய ஸ்கிரிப்டுகள் உடைந்துவிடும் என்ற அச்சம் மட்டும் பெரும்பாலும் வீண். முதல் வரியில் #! இட்டு எந்த ஷெல் என்று எழுதியிருந்தால், நாம் எதில் தட்டினாலும் அவை அந்த ஷெல்லில்தான் ஓடும். லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 2006-இல் கணினியின் உள்வேலைகளுக்கான ஷெல்லை டாஷ் என்று மாற்றியபோதும், பயனர் தட்டும் ஷெல் பாஷாகவே நீடித்தது. தட்டுவதற்கு ஒன்று, ஸ்கிரிப்டுக்கு வேறொன்று என்று பிரித்துப் பார்த்தால் தயக்கத்தில் பாதி கரைந்துவிடும். மீதிப் பாதியை வாதாடிப் போக்க முடியும் என்று நான் நம்பவில்லை. மேக் கணினிகளில் இவ்வளவு பேர் இன்று இசட்-ஷெல்லில் இருப்பதற்கு, 2019-இல் ஆப்பிள் புதிய கணக்குகளுக்கு அதையே இயல்பான ஷெல்லாக்கியது முக்கியக் காரணம். அவர்களில் எத்தனை பேர் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்திருப்பார்கள்?

அன்று பாஷுக்குத் திரும்பியவன்தான்; ஆனாலும் இப்போது, கட்டளைகளைத் தட்டும் என் டெர்மினல் சாளரம் ஃபிஷ்ஷில் திறக்கிறது. கணினிக்குள் நுழையும்போது தொடங்கும் லாகின் ஷெல்லை மட்டும் நான் தொடவில்லை. ஏதோ ஒரு மேம்படுத்தலில் ஃபிஷ் காணாமல் போனால், என் கணினிக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்க எனக்கு விருப்பமில்லை.