காலி ரோடும் மடங்கின போர்க்கும்

பெருந்துறையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்து இருபது வருசம் ஆகிறது. கொரோனா பேச்சு எடுத்தாலே கடையில் யாராவது ஒருத்தர், "அப்ப ரோட்ல ஆக்சிடென்ட்டாவது இல்லாம இருந்துச்சுங்க" என்பார். பாதி நிஜம். மீதிப் பாதியை நான்தான் நிமிர்த்திக் கொடுத்தேன்.

சாதாரண நாளில் வருவதெல்லாம் சில்லறை அடி. கிளட்ச் லீவர் வளைந்தது, இண்டிகேட்டர் உடைந்தது, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் உரசினது. 2020 ஊரடங்கில் கடை திறக்க விட்டபோது அந்த வேலையே இல்லை. வந்தது கொஞ்சம் வண்டிதான், ஆனால் வந்த கோலம்! ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் பின்பக்கமாக மடங்கி, சக்கரம் இஞ்சினில் முட்டியிருந்தது. டேங்கில் முழங்கால் பட்ட இடம் கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. ஓட்டின பையனுக்குத் தொடை எலும்பில் கம்பி வைத்திருந்தார்கள். மூன்று மாசம் கழித்து ஊன்றுகோலோடு வண்டியைப் பார்க்க வந்தான்.

"எப்படி கண்ணு ஆச்சு?"

"ரோட்ல ஈ காக்கா இல்லீங்ணா. அதான் கொஞ்சம் முறுக்கிட்டேன். நாய் குறுக்க வந்துருச்சு."

என் கடையை வைத்து மட்டும் சொல்லவில்லை. மத்திய போக்குவரத்து அமைச்சகம் அந்தந்த வருசத்துக்கு முதலில் வெளியிட்ட அறிக்கைகளில், 2019ல் நாடு முழுக்க 4,49,002 விபத்து, 1,51,113 சாவு. 2020ல் 3,66,138 விபத்து, 1,31,714 சாவு. இரண்டும் குறைந்ததுதான். ஆனால் நூறு விபத்துக்கு 33.7 பேர் என்றிருந்த சாவு 36 ஆனது. 2021ல் விபத்து 4,12,432. இது 2019ஐ விடக் குறைவு. சாவோ 1,53,972, அதாவது 2019ஐ விட அதிகம். அமெரிக்காவில் 2020லேயே, வண்டி ஓடிய தூரம் குறைந்தும் சாவு கூடிவிட்டது.

நம் வேகத்தை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது நம் புத்தி இல்லை, முன்னால் போன டவுன் பஸ். அது நின்றதும் கை தானாக முறுக்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நாலு மடங்கு. தொற்றுப் பயத்தில் பல ஊர்களில் போலீஸ் வாயை ஊதச் சொல்வதையும் நிறுத்தியிருந்தது. பஸ் இல்லாத மாசங்களில் பனியன் கம்பெனிக்கு ஒரே எக்ஸ்எல் மொபெட்டில் மூன்று பேர் போனதைத் தினமும் பார்த்தேன். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி என்ன இருந்தது?

காலி ரோடு ஆபத்து என்று தெரிய கொரோனா வரைக்கும் போகக்கூட வேண்டாம். ஊரடங்குக்கு ஒரு மாசம் முந்தி, 2020 பிப்ரவரி 20 விடிகாலை, அவினாசிக்குப் பக்கத்தில் கன்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி வந்து கேரள அரசு பஸ்ஸில் மோதியது. 19 பேர் போனார்கள். அந்த நேரத்தில் அங்கே என்ன நெரிசல் இருந்திருக்கும்?

ஆனாலும் நாம் கேட்பதெல்லாம் ரோட்டை அகலமாக்கு, பாலம் கட்டு. கட்டட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதில் எத்தனை வேகத்தில் போவது என்று ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்?

அந்தப் பையன் போன வாரம் புது வண்டியோடு சர்வீஸுக்கு வந்தான். இன்னும் லேசாகக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். கோயமுத்தூர் அவினாசி ரோட்டுப் புது மேம்பாலத்தில் போய் வந்தானாம், 10.1 கிலோமீட்டர்.

"ஆறே நிமிசம்ங்ணா" என்றான்.

பிரேக் ஷூவைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். தேய்ந்து தகடு தெரிந்தது.