மைலேஜ் கணக்கில் விடுபடுவது
பைக்குகளின் மைலேஜை ஒப்பிடும் ஒரு கட்டுரையில், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கூடுதலாக ஓடும் பைக்கை வாங்கினால் செலவு கணிசமாகக் குறையும் என்று கட்டுரையாளர் பொதுப்படையாகச் சொல்கிறார். அந்தப் பத்து கிலோமீட்டர் எந்த மைலேஜிலிருந்து கூடுகிறது என்பதைப் பொறுத்தே அது உண்மையாகும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவர், லிட்டருக்கு 30 கி.மீ. தரும் வண்டியை விட்டு 40 தரும் வண்டிக்கு மாறினால் ஏறக்குறைய 83 லிட்டர் பெட்ரோல் மிச்சமாகும். 60 தருவதிலிருந்து 70 தருவதற்கு மாறினால் மிச்சமாவது 24 லிட்டர்தான், அந்தச் சிறு மிச்சத்தை ஒரு செயின் ஸ்பிராக்கெட் செட்டோ (சங்கிலியும் அது பொருந்தும் பல்சக்கரங்களும்) பின் டயரோ விழுங்கிவிடக்கூடும். பெரிய எஞ்சின் வண்டிகளில் இச்செலவுகள் இன்னும் கூடும், ஏனெனில் சாலைப் பிடிப்புக்காக மென்மையான ரப்பரில் செய்யப்படும் அகலமான டயர்கள் விரைவில் தேய்கின்றன. நான்கு சிலிண்டர் வண்டியில் எஞ்சினில் காற்று நுழையவும் புகை வெளியேறவும் திறந்து மூடும் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்கப் பல பாகங்களைக் கழற்ற வேண்டியிருப்பதால் கூலியும் ஏறுகிறது. அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் மீட்டர் திரையில் தெரியும் மைலேஜை வைத்தே இரு வண்டிகளை ஒப்பிட்டிருக்கிறார். அது ஒரு மதிப்பீடு மட்டுமே, டேங்கை முழுதாக நிரப்பி ஓட்டிவிட்டு, மறுமுறை நிரப்பும்போது பிடிக்கும் லிட்டரால் ஓடிய தூரத்தை வகுப்பதே நம்பத்தக்க முறை. அவ்வாறு கணக்கிட்டு வந்ததால்தான் என் வண்டியின் மைலேஜ் இறங்கியது எனக்குத் தெரிந்தது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது அது ஒரு சுற்றுகூட முடிக்காமல் நின்றது, பிரேக் ஷூ விடாமல் உரசிக்கொண்டிருந்தது. கட்டுரையின் ஒப்பீட்டு அட்டவணையிலோ, சோதிக்கப்பட்ட வண்டிகளின் பிரேக் நிலையும் டயர் காற்றழுத்தமும் எங்குமே குறிப்பிடப்படவில்லை.